நாய்கள் உலவும் கடற்கரையில் உள்ளானையும் உப்புக்கொத்தியையும் கவனிப்பது எப்படி?

சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து அடையாறு முகத்துவாரம்வரை தினமும் காலையில் நாயோடு நடக்கும் ஒருவர் கேட்டது இது: “ஈர மணலில் ஓடும் சின்னச் சின்னப் பறவைகள் எவை? அவற்றின் நடத்தையைக் கவனிக்க ஆசை. என் நாய் பக்கத்தில் போனாலும் பல பறவைகள் பறப்பதே இல்லை. பழகிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாமா?”

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் வழுக்கி விழும் இடம் அதுதான். பறக்கவில்லை என்பதால் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ள முடியாது. கல்திருப்பி உள்ளான் என்ற கரைப்பறவைகளை வைத்துச் செய்த ஒரு சோதனை 2004-ல் வெளியானது. பீல், மோனகன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டன் கரையில் சில பறவைகளுக்குக் கூடுதலாகப் புழுத் தீனி போட்டார்கள், மற்றவற்றுக்குப் போடவில்லை. பிறகு ஆள் நடந்து நெருங்கியபோது, வயிறு நிறைந்த பறவைகள்தாம் தூரத்திலேயே எழுந்து பறந்தன. தீனி கிடைக்காதவை ஆள் கிட்ட வரும்வரை மேய்ந்துகொண்டே இருந்தன. பறந்து போவது வசதி இருப்பவர் செய்வது. காய்ச்சலோடு வண்டி தள்ளிக்கொண்டு வந்து கடை போடுபவரைப் பார்த்து, ‘இவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை’ என்று சொன்னால் எப்படியோ, பறக்காத பறவையைப் பார்த்துப் ‘பழகிவிட்டது’ என்பதும் அப்படித்தான்.

ஆகவே நாயும் பறவையும் சேர்ந்திருக்கும் கரையில் இறக்கை விரிவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். அதற்குப் பறவை சும்மா இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கரையில் கண்ணில் படுபவற்றை முதலில் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் பிறகு வரட்டும். ஒன்று உப்புக்கொத்தி வகை: உருண்டைத் தலை, பெரிய கண், குட்டை அலகு. இது கண்ணால் இரை தேடும். நாலைந்து அடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். சில நேரம் ஒரு காலை மட்டும் நீட்டி ஈர மணலில் படபடவென்று நடுக்கும். அந்த அதிர்வில் அசையும் புழுவையோ பூச்சியையோ கண்டுபிடிக்கத்தான் அது. வலிப்பு வந்ததோ என்று பயப்பட வேண்டாம். மற்றொன்று உள்ளான் வகை: அலகு நீளம், கண் அவ்வளவு பெரிதில்லை. தையல் இயந்திரத்து ஊசி மாதிரி மணலையும் சேற்றையும் விடாமல் குத்திக்கொண்டே நகரும். இவற்றின் அலகு நுனியில் தொடுவுணர்வு செறிந்திருக்கிறது. சேற்றுக்குள் இருப்பதைப் பார்க்காமலே தொட்டுப் பிடிக்கும்.

நாய் விஷயத்தில் இந்த வேறுபாடு முக்கியம். உப்புக்கொத்தி ஓட்டத்துக்கு நடுவே எப்படியும் நிமிர்ந்து நிற்கும். அதனால் அது ஒருமுறை தலையை உயர்த்தியதும் ‘கலவரப்பட்டது’ என்று குறித்துவிடக் கூடாது. நிற்கும் நேரம் நீள்கிறதா, கொத்தாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளானோ மேயும்போது பெரும்பாலும் தலை தாழ்ந்தே இருக்கும். அது தலையை நிமிர்த்தினாலே சேதி இருக்கிறது.

இனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் இந்தப் பகுதியில் கூட்டமாக ஓடுபவை பெரும்பாலும் மணல் உப்புக்கொத்திகள். இவை திபெத் பீடபூமி போன்ற உயரமான இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கரைக்கு வருபவை. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை தெரியும் சிறிய, வெளிறிய பறவை கெண்டிஷ் உப்புக்கொத்தியாகவோ அதன் நெருங்கிய உறவான அனுமன் உப்புக்கொத்தியாகவோ இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி வாழும் இந்தப் பின்னதை 2023-ல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் சிறு பட்டாணி உப்புக்கொத்தி. உடம்பின் பின்பாதியை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தனியாகத் திரிவது சாதாரண உள்ளான். முகத்துவாரத்துச் சேற்றில் கொசு உள்ளான் (இருபது முப்பது கிராம்தான் இருக்கும், பெயர் பொருத்தம்), வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, சிவந்த நீள்கால்களோடு நெடுங்கால் உள்ளான். அலை பின்வாங்கும்போது துரத்திக்கொண்டு இறங்கி, அடுத்த அலை வரும்போது சாவி கொடுத்த பொம்மை போல ஏறி ஓடும் வெள்ளைவெளேர் பறவை வந்தால் அது சாண்டர்லிங். அதன் காலில் பின்விரல் கிடையாது.

ஆள்காட்டி என்ற பறவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் வருவதை ஊருக்கே காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். பறவைகள் எச்சரிக்கையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை நம் ஊர்க்காரர்கள் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முகத்துவாரத்தில் அதே வேலையைப் பவளக்காலியும் செய்கிறது. கூட்டத்தில் முதலில் கத்துவது பெரும்பாலும் அதுதான். பவளக்காலி கத்தினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கொசு உள்ளானை விட்டுவிட்டு, நாய் எங்கே என்று திரும்பிப் பாருங்கள்.

நாய் நெருங்கும்போது பறவையிடம் தெரியும் மாற்றங்கள் ஓரளவு இந்த வரிசையில் வரும். முதலில் மேய்ச்சல் மெதுவாகும், கொத்துகளின் இடைவெளி கூடும். பிறகு தலை நிமிரும், ஒரு கண் நாயின் பக்கம் திரும்பும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அது நேராக முறைக்காது, உடம்பைச் சாய்வாக நிறுத்தி ஒரு பக்கக் கண்ணால் பார்க்கும். அடுத்தது தலையாட்டல்: உப்புக்கொத்தி, பவளக்காலி இரண்டும் தலையைத் தூக்கித் தூக்கி இறக்கும். இது வந்துவிட்டால் பறப்பதற்கு அதிக நேரம் இல்லை. அதன் பின் நாய்க்கு எதிர்த்திசையில் நடை, ஓட்டம். ஓய்வில் இருந்த பறவையானால் முதுகில் செருகியிருந்த அலகை வெளியே எடுக்கும், மடக்கியிருந்த காலைக் கீழே ஊன்றும். கூட்டம் நெருங்கி நிற்கும், ஒன்றிரண்டு இறக்கையை உயர்த்தித் தாழ்த்தும். கடைசியில்தான் பறத்தல். அதிலும் இருபது மீட்டர் தள்ளி இறங்குவது ஒன்று, கூட்டமே கடல்மேல் இரண்டு மூன்று வட்டமடித்துத் திரும்புவது வேறு, முகத்துவாரத்தைத் தாண்டிப் பட்டினப்பாக்கம் பக்கமே போய்விடுவது வேறு. மூன்றையும் ‘பறந்தது’ என்று ஒரே சொல்லில் எழுதினால் குறிப்பு வீண்.

ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போகும் பறவையைப் பார்த்தால் நாய் கடித்து முடமாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஓய்வில் ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்திருக்கும் பறவை, சிறிது நகர வேண்டியிருந்தால் அந்தக் காலை இறக்கச் சோம்பல்பட்டு மற்றதாலேயே தத்தும். பத்து நிமிடம் பொறுத்தால் இரண்டாவது கால் வெளியே வந்துவிடும்.

நாய்க்கு மட்டும் ஏன் இந்த மரியாதை என்று கேட்கலாம். தரையில் வாழும் பறவைக்கு நான்கு கால், தாழ்ந்த தலை, முன்நீண்ட முகவாய் என்றால் நரி. அதன் உடம்பில் ஊறிய பயம் லேப்ரடாரையும் நரியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேலும் மனிதர் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவார். அவர் போகும் வழியைப் பறவை கணித்து ஒதுங்கிக்கொள்ளும். அவிழ்த்துவிட்ட நாய் மோப்பம் பிடித்து வளைந்து வளைந்து வரும், திடீரென்று வேகமெடுக்கும், நிற்கும், திரும்பும். அதைவிட முக்கியமாக, நாய்க்குப் பிடித்த இடம் அலை நனைத்த கெட்டி மணல். உப்புக்கொத்திக்குச் சோறு இருப்பதும் அங்கேதான். கலிபோர்னியாவில் பனி உப்புக்கொத்திகளைப் பற்றி 2001-ல் வெளியான லாஃபெர்ட்டியின் ஆய்வில், கரைக்கு வந்த ஆட்களோடு ஒப்பிட நாய்கள் குறைவு; ஆனால் பறவைகளைக் கலைத்ததில் அவற்றின் பங்கு அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தது.

இனி எங்கே, எப்போது நிற்பது. சென்னைக் கரை கிழக்கு பார்த்தது. விடிந்ததும் கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். வந்த முதல் வாரத்திலேயே பலர் ஆர்வம் இழப்பது இதனால். குளிர்காலத்தில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி எழும், டிசம்பர் கடைசியில் 20 பாகைக்கும் மேலே. ஆகவே பெசன்ட் நகரிலிருந்து வடக்கே, முகத்துவாரத்தில் உள்ள உடைந்த பாலத்தை நோக்கி நடந்தால் வெயில் உங்கள் வலத்தோளுக்குப் பின்னால் இருக்கும், எதிரே உள்ள பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். திரும்பி வரும்போது முகத்தில் வெயில் அடிக்கும், அப்போது பார்க்க எதுவும் மிச்சம் வைக்காதீர்கள். ஜனவரியில் சுமார் 6.30-க்கு விடியும். 9 மணிக்கு மேல் மணலிலிருந்து கானல் எழத் தொடங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியிலும் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும்.

ஓதத்தை, அதாவது கடல் ஏறி இறங்குவதைப் பற்றிப் புத்தகங்களில் படிப்பது பெரும்பாலும் ஐரோப்பியக் கரைகளைப் பற்றியது. அங்கே கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர், அட்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. பெசன்ட் நகர்க் கரை சரிவானது என்பதால் திறந்த கரையில் ஓதம் பெரிய மாற்றம் எதையும் காட்டாது. முகத்துவாரத்துக்கு உள்ளே கதை வேறு. வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் ஆற்றுவாய் அகலமாகத் திறந்திருக்கும்போது ஓதம் உள்ளே போய்வரும். வற்றும்போது சேறு வெளிப்படும், எல்லாப் பறவையும் அங்கே மேயும். ஏறும்போது மணல்திட்டில் ஒதுங்கித் தூங்கும். பிப்ரவரி, மார்ச்சுக்குப் பிறகு மணல் சேர்ந்து வாய் குறுகி, சில ஆண்டுகளில் தூர்வாராவிட்டால் அடைத்தே போகும். அப்போது உள்ளே தண்ணீர் மட்டம் ஓதத்துக்குக் கட்டுப்படாது, அட்டவணை பார்த்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான். எனவே முதலில் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் சென்னைத் துறைமுகத்துக்கான ஓத நேரத்தைப் பாருங்கள். அது நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓதம் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனபின் போய்ச் சேர்வது நல்லது. பசித்த பறவைகள் அப்போதுதான் புதிதாக வெளிப்பட்ட சேற்றுக்கு ஓடிவரும்.

கருவி அதிகம் தேவையில்லை. 8×42 இருகண்நோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்குக் கருவி கைநடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். குறிப்பேடு, பென்சில் (பேனா மை உப்புக்காற்றில் கசியும்), கைக்கடிகாரம், உட்காரத் தார்ப்பாய்த் துண்டு. கடற்கரையில் லென்ஸைத் துணியால் உலர்வாகத் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் மணலை ஊதி எடுத்துவிட்டு, வீடு வந்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உப்பை ஒற்றி எடுக்க வேண்டும்.

கவனிப்பதற்கென்று வரும் நாளில் நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. நாய் இழுத்துக்கொண்டே இருக்கும், பறவையும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டத்திலிருந்து 60, 70 மீட்டர் தள்ளி, காய்ந்த மணலில் கட்டுமரமோ படகோ பின்னணியாக இருக்கும்படி உட்காருங்கள். நின்றால் வானத்தை ஒட்டி உங்கள் உருவம் தனியாகத் தெரியும். முதல் பதினைந்து நிமிடம் எதையும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் பறவைகள் காட்டுவது உங்கள் வருகையின் விளைவு.

பிறகு இரண்டு வகைக் கணக்கு. முதலாவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் பார்த்து, மேய்பவை எத்தனை, நிமிர்ந்து பார்ப்பவை எத்தனை, தூங்குபவை எத்தனை, இறகு கோதுபவை எத்தனை என்று எண்ணி எழுதுவது. பார்வை ஒரு பறவைமேல் விழும் கணத்தில் அது என்ன செய்கிறதோ அதுதான் கணக்கு. ‘கொஞ்ச நேரம் பார்த்தால் மேயும்’ என்று காத்திருந்தால் மேய்ச்சல் கணக்கு கூடிப்போகும். இரண்டாவது, ஒரே பறவையை இரண்டு நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்து, கொத்துகளையும் தலை நிமிர்வதையும் எண்ணுவது. இதற்கு ஆளுக்கு ஒரு வேலையாக இருவர் இருந்தால் நல்லது. தனியாக என்றால் செல்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு “கொத்து, கொத்து, தலை, கொத்து” என்று முணுமுணுத்துவிட்டு வீட்டில் எண்ணிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் நடப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

நாய் வரும்போது எழுத வேண்டியவை: நேரம், கட்டிய நாயா, அவிழ்த்ததா, தெருநாயா, கரைக்கு இணையாகப் போனதா, நேராகக் கூட்டத்தை நோக்கி வந்ததா, முதல் பறவை நிமிர்ந்தபோது இருந்த தூரம், முதல் பறவை பறந்தபோது இருந்த தூரம், எங்கே இறங்கின, மறுபடி முதல் கொத்து விழும்வரை எத்தனை விநாடி. கடைசி எண்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, பலரும் எழுத மறப்பதும் அதைத்தான். ஒரு கலைப்புக்கு இரண்டு நிமிட மேய்ச்சல் போகிறது என்று வைத்துக்கொண்டால், காலை 6-லிருந்து 8-க்குள் இருபது முறை கலைந்த பறவைக்கு நாற்பது நிமிடம், அதாவது அந்தச் சாப்பாட்டு வேளையில் மூன்றில் ஒரு பங்கு, போய்விடும். பறக்கச் செலவான சக்தி இந்தக் கணக்கில் சேரவில்லை.

தூரத்தை எப்படி அளப்பது? கண்மதிப்பு ஈர மணலில் பொய் சொல்லும். திறந்த வெளியில் எல்லாமே பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். முன்கூட்டியே அளவு நாடாவால் 50 மீட்டர் குறித்து, இயல்பான நடையில் எத்தனை அடி ஆகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் தானாகக் கலைந்து போனபிறகு, நாயின் கால்தடம் திரும்பிய இடத்திலிருந்து பறவைகளின் கால்தடம் வரை நடந்து எண்ணினால் போதும். மணல் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும், அடுத்த அலை வருமுன் படித்துவிட வேண்டும். அளப்பதற்காகவே பறவையைக் கலைப்பது மட்டும் கூடாது.

இந்தக் கணக்கில் வழக்கமாக வரும் பிழைகள் சில உண்டு. கலைந்த கூட்டம் நூறு மீட்டர் தள்ளி இறங்கியதைப் புதுக் கூட்டமாக எண்ணி எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது ஒன்று. நாய் கரையில் இருந்தது, பறவை பறந்தது, ஆகவே நாய்தான் காரணம் என்பது இன்னொன்று. அந்தக் கரையில் செம்பருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், குளிர்காலத்தில் பூனைப்பருந்தும் வரும். கூட்டம் முழுதும் ஒரே கணத்தில், எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல், இறுக்கமான பந்தாக எழுந்தால் முதலில் வானத்தைப் பாருங்கள். நாயால் கலையும்போது பெரும்பாலும் நாய்க்கு அருகில் உள்ள ஓரத்திலிருந்து அலை அலையாக எழும். மூன்றாவது பிழை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது. அன்றைய கூட்டம் வேறு, நாய்கள் வேறு. செவ்வாய்க்கிழமையும் ஒருமுறை போங்கள்.

நாயோடு நடக்கும் நாட்களுக்கு வருகிறேன். 1.5 முதல் 2 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறே நல்லது. இழுத்தால் நீளும் சுருள் வகை ஐந்து மீட்டருக்குப் போனால் நாய் கட்டாத நாய்க்குச் சமம். முன்னே 100 மீட்டரில் பறவைக் கூட்டம் தெரிந்ததும் கயிற்றைச் சுருக்கி, நாயை உங்கள் நிலத்துப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பறவைக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். கூட்டத்தை நோக்கி நேராகப் போகாமல் தூரத்திலேயே காய்ந்த மணலுக்கு ஏறி வில்போல வளைந்து கடந்து செல்லுங்கள். நடுவில் நின்று சுட்டிக்காட்டாதீர்கள். சீரான நடையைவிட, நின்று உற்றுப்பார்ப்பதுதான் வேட்டைக்காரனின் செய்கை. சிறிய உப்புக்கொத்திகளுக்கு 40, 50 மீட்டர் விட்டால் பெரும்பாலும் தலை நிமிர்த்துவதோடு நின்றுவிடும். கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) போன்ற பெரியவை அதைவிடத் தொலைவிலேயே கிளம்பும், அவற்றுக்கு நூறு மீட்டர் விடுங்கள். ஆனால் இந்த எண்களைவிட நம்பகமான அளவு பறவையின் தலைதான். நிமிர்ந்துவிட்டதா, இன்னும் விலகுங்கள்.

ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் இந்த வழி தலைகீழாகும். பறவைகள் காய்ந்த மணல்திட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். மணல் நிறத்திலேயே இருப்பதால் இருபது அடிக்குள் வந்தபின்தான் பலருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஆற்றுவாயை ஒட்டிய திட்டுக்கு நாயோடு போகாமல், அதற்குச் சற்று முன்பே திரும்பிவிடுவதுதான் சரி. கயிறு இருக்கிறதே என்று திட்டின்மேல் நடக்கலாமா என்றால், கயிறும் மந்திரம் இல்லை. சிட்னி அருகே காட்டுப் பாதைகளில் பேங்க்ஸ், பிரயன்ட் இருவரும் செய்து 2007-ல் வெளியிட்ட சோதனையில், கயிற்றில் கட்டிய நாயை நடத்திச் சென்றபோதுகூட அந்தப் பாதைகளில் தென்பட்ட பறவைகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அது காடு, இது கடற்கரை. ஆனாலும் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல பதில்.

நாய் வளர்ப்பவர்கள்மேல் மட்டும் பழிபோடுவது நியாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் பக்கம் வலை உதறும் இடங்களில் கழிவு மீனுக்காகத் தெருநாய்கள் எப்போதும் இருக்கும். அவை படுத்துக் கிடக்கும்வரை பறவைகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், வளர்ப்பு நாய் ஒன்று அவற்றின் எல்லைக்குள் நுழையும்போது. நாலைந்து எழுந்து குரைத்துக்கொண்டு ஓடிவரும், துரத்தல் ஈர மணலுக்கு இறங்கும், முந்நூறு மீட்டர் கரை காலியாகிவிடும். உங்கள் நாய் ஒரு பறவையையும் துரத்தவில்லை, ஆனாலும் காரணம் அதுதான். தெருநாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்று ஒருவாரம் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடங்களைச் சாலைப்பக்கமாகச் சுற்றிப் போவது கயிற்றைவிடப் பெரிய உதவி. பிஸ்கட் போட்டு அவற்றை அலையோரத்துக்கு வரவழைப்பவர்களிடம் சாலையோரமாகப் போடச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

கோடையில் கவனம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். வலசை வந்தவை ஏப்ரலுக்குள் கிளம்பிவிட, தங்கும் இனங்கள் முட்டையிடும் காலம் இது. ஆள்காட்டியும் அனுமன் உப்புக்கொத்தியும் கூடு கட்டுவதில்லை. ஏற்றம் எட்டாத மணலிலோ கூழாங்கல் தரையிலோ சின்னக் குழி பறித்து, இரண்டு முதல் நான்கு புள்ளிபோட்ட முட்டை, அவ்வளவுதான். காலால் மிதித்தால்தான் தெரியும். இந்த வெயிலில் முட்டைக்குத் தேவை சூடு இல்லை, நிழல். தாய் தந்தை மாறி மாறி நின்று நிழல் கொடுக்கும், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து குளிரவைக்கும். நாய்க்குப் பயந்து நண்பகலில் விலகி நின்றால், சில நிமிடங்களிலேயே முட்டைக்குள் உள்ள கரு வெந்துபோகக்கூடும். காக்கையும் அதற்குத்தான் காத்திருக்கும். பறவை ஒன்று உங்கள் முன்னால் இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு தவழ்ந்தால் அது நாடகம். முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது, உங்களை வேறு திசையில் இழுக்கப் பார்க்கிறது. பின்தொடராமல், படம் எடுக்க நிற்காமல், வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள். ஜனவரி முதல் இதே கரையில் பங்குனி ஆமைகளும் முட்டையிட ஏறும். நாய் தோண்டுவது அவற்றுக்கும் ஆபத்து என்பதால் இரவு நடையில் கயிறு அவிழ்க்கவே கூடாது.

ஒரு கயிற்று வேலியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கோல் ஆயில் பாயின்ட் என்ற கரையில் பனி உப்புக்கொத்திகள் குஞ்சு பொரிப்பது பல பத்தாண்டுகளாக நின்றுபோயிருந்தது. 2001-ல் அவை தங்கும் பகுதியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, தன்னார்வலர்களை நிறுத்தி, நாயைக் கட்டிப் போகும்படி வருபவர்களிடம் பேசினார்கள். கரையை மூடவில்லை, நடப்பவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அங்கே மறுபடி குஞ்சு பொரித்தது.

நீங்கள் எழுதும் குறிப்புகளுக்குப் பயன் உண்டு. பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலாக ஏற்றும்போது கருத்துப் பெட்டியில் கலைப்பு விவரத்தையும் எழுதுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும், அவற்றில் ஒரே இடத்தைத் தொடர்ந்து பார்த்தவரின் கண்ணுக்கு மதிப்பு அதிகம். காலில் வண்ணக் கொடியோ வளையமோ மாட்டிய பறவை தென்பட்டால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எந்த வரிசையில் எந்த நிறம் என்று உடனே எழுதுங்கள், எழுத்து இருந்தால் அதையும். கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாக வளையமிட்டு வருகிறார்கள், விவரத்தை அவர்களுக்கு அனுப்பலாம்.

தொடங்க நல்ல காலம் எது என்று கேட்டால், மார்ச் கடைசி. மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செங்காவி ஏறத் தொடங்கும், வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறமாகும், அதனால் இனம் பிரிப்பது எளிது. பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க எல்லாமே மும்முரமாக மேய்வதால் கொத்துகளை எண்ணுவதும் எளிது. அந்த மூன்று நான்கு வாரம் மட்டுமாவது நாயை முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி தேவாலயப் பக்கக் கரையில் நடத்துங்கள்.